அரக்கான் கரையின் சேற்றுக் கட்டங்கள்

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் மாமா என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பாலக்கரையிலிருந்து ஸ்ரீரங்கம் போவார். காவிரிப் பாலம் தாண்டும்வரை நான் அவருடைய அக்கா மகள். உத்தர வீதியில் அவருடைய நண்பர் வீட்டு மாடியில் ஏறியதும் ஜெர்மன்காரி. சில வாரங்களில் ஜப்பான்காரி. மாமாவும் நண்பரும் எப்போதும் நேச நாடுகளின் பக்கமே இருக்க ஆசைப்பட்டார்கள். தோற்கிற பக்கத்துக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது.

அந்த நண்பர் பேங்க் வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டவர். நெற்றியில் திருமண் இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. அவருடைய மகன் அமெரிக்காவிலிருந்து போர் விளையாட்டுகளைப் பெட்டி பெட்டியாக அனுப்பிக்கொண்டிருந்தான். மாடி ஹாலில் கிடந்த பழைய பிங்பாங் மேஜையில் வரைபடத்தை விரிப்பார்கள். அதன் மேல் தேன்கூடு மாதிரி அறுகோணக் கட்டங்கள். கட்டைவிரல் நகம் அளவுள்ள அட்டைத் துண்டு ஒவ்வொன்றும் ஒரு படைப்பிரிவு. பகடையை உருட்டி, விழுந்த எண்ணுக்கு என்ன பலன் என்று பார்த்து, துண்டுகளை நகர்த்த வேண்டும், அல்லது மேஜையிலிருந்து எடுத்துவிட வேண்டும். நார்மண்டிக் கரையில் அவர்கள் படகு படகாக வந்து இறங்குவார்கள். நான் மேட்டில் உட்கார்ந்து சுடுவேன். பேங்க்காரரின் மனைவி கொண்டுவரும் காபியை வரைபடத்தின் மேல் வைக்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி. ஒருமுறை வைத்ததில் பிரான்சில் ஒரு ஊர் வட்டமாக அழிந்துபோயிருந்தது.

மாமா ஒரு தனியார் கல்லூரியில் சரித்திர விரிவுரையாளர். வருடா வருடம் புதுப்பிக்கப்படும் வேலை. அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் நிரந்தரமாகி, துறைத்தலைவர்கூட ஆகிவிட்டார்கள். கல்லூரி குரூப் போட்டோக்களில் மாமா எப்போதும் கடைசி ஆளாக நிற்பார். ஒரு வருடத்துப் போட்டோவில் அவருடைய பாதி முகம்தான் விழுந்திருந்தது. அம்மா அதைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பாள், பிறகு சிரித்ததற்காக வருத்தப்படுவாள். மாமாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. என் அப்பா சவூதியில் இருந்ததால் மாமா எங்களோடுதான் இருந்தார். தாத்தாவும்.

பெட்டியில் வந்த அட்டைத் துண்டுகளில் அமெரிக்கர், ஆங்கிலேயர், கனடாக்காரர், போலந்துக்காரர் எல்லாரும் இருந்தார்கள். ஒரு நாள் மாமா அவற்றைக் கவிழ்த்துக் கொட்டித் தேடினார்.

"இதுல நம்ம ஆளு ஒருத்தனாவது இருக்கானா பாருங்க சார். இத்தாலியில செத்தான், பாலைவனத்துல செத்தான், பர்மாவுல சேத்துல கெடந்தான். ஒரு அட்டைக்குக்கூடப் பிரயோஜனம் இல்லாமப் போயிட்டான்."

பேங்க்காரர் மூக்குப்பொடியைத் தட்டிவிட்டு, "நாமளே பண்ணிட்டாப் போச்சு" என்றார்.

மாமாவின் ஆவேசத்துக்குக் காரணம் தாத்தா. தாத்தா பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆனால் அதற்கு முன்னால், மீசை முளைத்ததும் முளைக்காததுமாக, யுத்த காலத்தில் கடற்படையில் சேர்ந்திருக்கிறார். பர்மாவின் அரக்கான் கரையில் துருப்புகளை இறக்கிய தட்டைப் படகுகளில் இருந்திருக்கிறார். அந்தப் படகுக்கு முன்பக்கம்தான் கதவு. கரை தட்டியதும் கதவு தண்ணீரில் விழும், அதன் மேல் மிதித்துச் சிப்பாய்கள் இறங்குவார்கள். அந்தக் கதவை இறக்கி ஏற்றுவதுதான் தாத்தாவின் வேலை என்பது வரைக்கும் வீட்டில் தெரியும். மேலே கேட்டால், "அதெல்லாம் மறந்துபோச்சு" என்பார். மறந்தவர் மாதிரி அவர் முகம் இருக்காது.

தாத்தா எந்த ஞாயிறும் பூசைக்குத் தவறியதில்லை. கடைசி பெஞ்சில் ஓரமாக உட்காருவார். நற்கருணை அப்பம் வாங்க எல்லாரும் வரிசையில் போகும்போது அவர் மட்டும் எழுந்திருக்க மாட்டார். முழங்கால் வலி என்று அம்மா சொன்னாள். அதே முழங்காலோடு அவர் காந்தி மார்க்கெட்டுக்கு நடந்துபோய்க் காய்கறி வாங்கி வந்தார். எனக்கு அதில் முரண்பாடு எதுவும் தெரியவில்லை. பெரியவர்களின் வலி அவரவர் இஷ்டப்படி வந்து போகும் என்று நினைத்துக்கொண்டேன்.

கோடை விடுமுறை முழுக்க மாமா உட்கார்ந்து அரக்கான் கரையை வைத்து ஒரு விளையாட்டை உருவாக்கினார். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து வரைபடங்களை அச்செடுத்து ஒட்டினார். நூலகத்திலிருந்து யுத்தப் புத்தகங்களைக் கொண்டுவந்தார். அமெரிக்கப் பெட்டியில் இல்லாத ஒரு விதியை அவரே கண்டுபிடித்திருந்தார். அரக்கான் கரையில் கடல் வற்றும்போது வெகுதூரம் உள்வாங்கும்; மணல் இருக்காது, வெறும் சேறு. ஆகவே ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஒரு வரிசை நீலக் கட்டங்கள் பழுப்பாக மாறும். சேற்றுக் கட்டத்தில் நிற்கும் ஆட்கள் அநேகமாக நகர முடியாது. நீர் வடிவதற்குள் பின்வாங்காத படகு சேற்றில் மாட்டிக்கொண்டு அழிந்துபோகும். பேங்க்காரர் விதியைப் படித்துவிட்டு, "அபாரம்" என்றார். கல்லூரியில் யாரும் மாமாவிடம் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

தாத்தாவை வைத்தே முதல் ஆட்டம் ஆடுவது என்று முடிவாயிற்று. மாமாவின் பழைய மாணவன் ஒருவன் ஒரு பத்திரிகைக்குத் திருச்சிச் செய்திகள் எழுதிக்கொண்டிருந்தான். அவனும் கேமராவோடு வருவதாகச் சொன்னான். தாத்தா முதலில் வரமாட்டேன் என்றார். மாமா வற்புறுத்தவில்லை, கெஞ்சினார். நாற்பத்துச் சொச்சம் வயதுள்ள ஒரு ஆள் கெஞ்சுவதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். "எனக்காக ஒரே ஒரு தடவ வாங்கப்பா" என்றார். தாத்தா சலவை வேட்டி கட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.

பேங்க்காரர் வாசலுக்கே வந்து, "வாங்கோ, வாங்கோ, உங்களுக்காகத்தான் எல்லாரும் காத்திண்டிருக்கோம்" என்று கைகூப்பினார். தாத்தா மாடிப்படிகளில் மெதுவாக ஏறி, மேஜையின் முன்னால் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மாமா அவருடைய படகுக்கு மட்டும் அட்டை வைக்கவில்லை. மரத்தில் செதுக்கிச் சாம்பல் வண்ணம் அடித்த சின்னப் படகு, முன்னால் திறந்து மூடுகிற கதவோடு. தாத்தா அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். கதவை ஒருமுறை திறந்து மூடினார். பிறகு வரைபடத்தில் நீலமும் பழுப்பும் சேரும் இடத்தில் விரலை வைத்து, "இந்த எடத்துல கம்பு கம்பா நட்டு வச்சிருந்தான்" என்றார்.

மாமாவின் கண்கள் பளபளத்தன. இத்தனை வருடங்களில் தாத்தா சொன்ன முதல் தகவல் அது.

வழக்கம்போல நான் ஜப்பான். மேட்டின் மேல் எனக்குப் பீரங்கிகள் இருந்தன. முதல் சுற்றில் படகுகள் நன்றாகவே வந்து இறக்கின. இரண்டாவது சுற்றில் நீர் வடிந்தது. தாத்தாவின் படகு கரை தட்டிக் கதவைத் திறந்தது. நான்கு அட்டைத் துண்டுகள் இறங்கின. நான் பகடையை உருட்டினேன். ஆறு விழுந்தது. குதித்துக் கைதட்டினேன். மாமா ஒரு துண்டை எடுத்துவிட்டு, அந்த வரிசையைப் பழுப்பாக்கினார். மீதி மூன்றும் சேற்றில் நின்றன.

"இப்ப உங்க முறைப்பா" என்றார் மாமா. "கதவத் தூக்கிட்டுப் பின்னால போயிரணும். படகு தப்பிச்சா நமக்கு நல்ல பாயின்ட்."

தாத்தா கதவைத் தூக்கவில்லை. சேற்றில் நின்ற ஒரு துண்டை எடுத்துப் படகுக்குள் வைத்தார். அடுத்ததை எடுத்தார். அவருடைய விரல்கள் தடித்தவை. துண்டு இரண்டு தடவை நழுவி விழுந்தது. மூன்றாவதையும் எடுத்து வைத்தார்.

பேங்க்காரர் தயங்கியபடி, "ரூல்ல அப்படி இல்லையே சார்" என்றார்.

"அவங்கள ஏத்த முடியாதுப்பா. தண்ணி இறங்குது. நின்னா படகு மாட்டிக்கும்" என்றார் மாமா.

"மாட்டட்டும்."

"மாட்டினா ஆட்டமே போயிரும்."

"போகட்டும்டா."

மாமா நிருபரைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தார். தாத்தாவுக்கு விளையாட்டு புரியவில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். வகுப்பில் மந்தமான பையனுக்குச் சொல்வதுபோல, குனிந்து, நிதானமாக, எல்லா விதிகளையும் மறுபடி சொன்னார். சொல்லிக்கொண்டே படகிலிருந்து அந்த மூன்று துண்டுகளையும் எடுத்துப் பழைய இடங்களில் வைத்தார்.

"அன்னைக்கு அப்படி நடக்கலப்பா. நடந்தபடிதான் ஆடணும்."

"தெரியும்" என்றார் தாத்தா. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, யாரிடமும் சொல்லாமல் படியிறங்கிப் போனார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெயிலில் வேட்டி பளிச்சென்று தெரிய, ஆட்டோ நிற்கிற பக்கத்துக்கு நேர் எதிராக நடந்துகொண்டிருந்தார். மாமா ஓடிப்போய்க் கூட்டிவந்தார். திரும்பி வரும்போது பாலத்தின் மேல் ஆட்டோ ஓட்டுநர் காவிரியில் எப்போது தண்ணீர் வருமென்று கேட்டார்.

செய்தி வந்துவிட்டது. எதிரியின் குண்டு மழைக்கு நடுவே படகைக் காப்பாற்றிய திருச்சி வீரர் என்று தலைப்பு. நிருபர் கேட்டதற்கெல்லாம் மாமாவே பதில் சொல்லியிருந்தார். சரித்திரம் மறந்த மனிதர் என்று ஒரு வரி. பக்கத்தில் தாத்தா மரப்படகைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் படம். மாமா அதை ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டினார். தெருவில் எல்லாரும் வந்து விசாரித்தார்கள். தாத்தா வழக்கமாக உட்காரும் இடத்தை மாற்றிக்கொண்டு, அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார ஆரம்பித்தார். அங்கே காற்று நன்றாக வருகிறது போலும் என்று எண்ணி நானும் என் ஸ்டூலை அங்கே போட்டுக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிவில் குருவானவர் செய்தியைச் சொல்லி, தாத்தாவை முன்னால் வரச்சொன்னார். எல்லாரும் கைதட்டித் திரும்பிப் பார்த்தார்கள். கடைசி பெஞ்ச் காலியாக இருந்தது. தாத்தா முன்பே எழுந்து வெளியே போயிருந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தபோது சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்திருந்தார். அன்றிலிருந்து சாப்பாடு குறைந்தது. மருத்துவர் ரத்தத்தைச் சோதித்து எல்லாம் சரியாக இருக்கிறதென்று சொன்னார்.

ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, வாசலில் ஒரு வயதானவர் வந்து நின்றார். மஞ்சள் பையும், மடித்துக் கசங்கிய பத்திரிகையும் கையில். தலைமுடி வெளுத்திருந்தாலும் தாத்தாவைவிட வயதில் சிறியவர்தான். லால்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து விசாரித்து விசாரித்து வந்திருந்தார். அம்மா அவரை உட்காரச் சொன்னாள். அவர் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, பையிலிருந்து வாழைப்பழச் சீப்பை எடுத்துத் தாத்தாவிடம் நீட்டினார்.

"ஐயா, பேப்பர்ல போட்டிருந்தது நீங்கதானுங்களா?"

தாத்தா தலையசைத்தார்.

"எங்க அண்ணன் பட்டாளத்துல ரோடு போடுற கம்பெனியில இருந்தாரு. பர்மாப் பக்கந்தான். காணோம்னு தந்தி வந்துச்சு. நான் அப்பச் சின்னப் பய. எங்கம்மா சாகுற வரைக்கும் திதி குடுக்க விடலீங்க. காணோம்னுதான போட்டிருக்கான், செத்துட்டான்னு போடலியேன்னு அடிச்சுப் பேசும். இப்ப அதுவும் போயிருச்சு. எனக்கப்புறம் குடுக்க ஆளு இல்ல. என்னைக்குப் போனாருன்னு ஒரு நாளு தெரிஞ்சா, காவிரியில அம்மா மண்டபத்துப் படித்துறையில எள்ளும் தண்ணியும் விட்டுருவேன். நீங்க அங்க இருந்தீங்களாமே. எங்க அண்ணனப் பாத்தீங்களா?"

அவர் அண்ணனின் பெயரைச் சொன்னார். தாத்தா அந்தப் பெயரை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

"பேரு தெரியாது" என்றார். அதற்குப் பிறகு நிறுத்தவில்லை. என்னிடமோ அம்மாவிடமோ மாமாவிடமோ அவர் ஒருபோதும் அவ்வளவு நேரம் பேசியதில்லை. குரல் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. ரோடு போடுகிற ஆட்கள் சிலரை அவருடைய படகில்தான் ஏற்றியிருக்கிறார்கள். கப்பலில் வரும்போதே அவர்களில் சிலர் தமிழில் பேசியதைக் கேட்டிருக்கிறார்; நம் பக்கத்துப் பேச்சு. கதவு விழுந்து இறங்கினால் கீழே தரை இல்லை.

"இடுப்பளவு சேறு. எடுத்த கால வைக்க முடியல. மேட்டுலேருந்து சுடுறான். படகுக்கும் அவங்களுக்கும் இந்த ஹால் தூரந்தான் இருக்கும். தம்பி, கையக் குடுறான்னு தமிழ்ல கூப்பிட்டாங்க. தண்ணி வடியுதுன்னு ஆபீசர் கதவத் தூக்கச் சொன்னான். நான்தான் தூக்கினேன்."

தெருவில் கீரைக்காரம்மாள் கூவிக்கொண்டு போனாள். வந்தவர் பத்திரிகையை மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தார்.

"அதுல எங்க அண்ணன் இருந்தாருங்களா?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

பத்திரிகையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு அவர், "அவராவே இருக்கட்டும்ங்க" என்றார். "என்ன நாளு அது?"

"போகிக்கு முந்தின நாள். அமாவாசை கிட்டத்துல."

அவர் அதை வாய்க்குள் சொல்லிச் சொல்லி மனதில் ஏற்றிக்கொண்டார்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உள் அறைக் கதவருகே நின்று மாமா எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அன்று மத்தியானம் ஃபிரேமைக் கழற்றினார். சுவரில் ஆணி மட்டும் மிஞ்சியது. அதன் பிறகு அவர் பகடையைத் தொடவில்லை. விளையாட்டைச் சுருட்டிக் கட்டி பேங்க்காரர் வீட்டுப் பரணில் போட்டுவிட்டு வந்தார். தாத்தாவிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவர் பலநாள் அவருடைய கட்டில் பக்கம் போய் நின்றார். போர்வையைச் சரிசெய்துவிட்டுத் திரும்பிவிடுவார். ஐப்பசி அடைமழையில் தாத்தா இறந்தார். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் குருவானவரை வரவழைத்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவரிடம் பேசினார். அடுத்த தை அமாவாசைக்கு மாமா விடிகாலையிலேயே ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக்குப் போய் மதியம்வரை நின்றாராம். அந்தக் கூட்டத்தில் லால்குடிக்காரரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் வந்தாரா, வராமலே போனாரா என்பதும் தெரியவில்லை.

இதெல்லாம் எனக்குப் பொருள்பட ஆரம்பித்தது வெகுகாலம் கழித்துத்தான். அந்தச் சனிக்கிழமை நான் காபித் தம்ளர்களை எடுக்க ஹாலுக்குள் வந்தேன். வந்தவர் பாதிக் காபியை மிச்சம் வைத்திருந்தார். எழுந்து, "லால்குடி பஸ் எங்க நிக்கும் பாப்பா?" என்று என்னிடம் கேட்டார். சத்திரம் பஸ் ஸ்டாண்டு என்று நான் சொல்வதற்குள் தாத்தாவும் எழுந்தார். எழுந்தவர் அப்படியே மடங்கி, முழங்காலைத் தரையில் ஊன்றி, இரண்டு கைகளாலும் அந்த மனிதரின் பாதங்களுக்குப் பக்கத்தில் தடவினார். வயதில் சிறியவர் ஒருவரின் காலை ஒரு பெரியவர் தொடுவது எனக்குத் தெரிந்த உலகத்தில் இல்லாத காரியம். ஆகவே எனக்கு ஒரே ஒரு விளக்கம்தான் தோன்றியது.

"அம்மா, தாத்தா கண்ணாடியத் தொலைச்சிட்டாரு" என்று உள்ளே பார்த்துக் கத்தினேன். தம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு, அவருக்கு உதவியாக நானும் தரையில் தவழ்ந்து பெஞ்சுக்கு அடியில் தேடினேன். வந்தவர் அசையாமல் நின்றார். அவருடைய கால்களில் காய்ந்த வயல் சேறு வெடிப்பு வெடிப்பாக ஒட்டியிருந்தது. பெஞ்சுக்கு அடியில் எதுவும் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடி தாத்தாவின் முகத்தில்தான் இருந்தது.

"தாத்தா, போட்டுக்கிட்டே தேடுறீங்க!" என்று சொல்லிச் சிரித்தேன். கதவருகே மாமா நின்றிருந்தார், அம்மாவும் வந்துவிட்டாள். ஏன் ஒருவர்கூட என்னோடு சேர்ந்து சிரிக்கவில்லை என்பதுதான் அன்று எனக்கு விளங்கவே இல்லை.